சங்கத்தின் பெயரும் லோகோவும் யாருக்குச் சொந்தம்? டிரேட்மார்க் பதிவுக்கு ஒரு முழு வழிகாட்டி

தொண்டு அமைப்புகளின் பெயரை வெளியாட்கள் திருடுவதைவிட உள்ளே இருந்தவர்கள் எடுத்துக்கொண்டு போவதுதான் அதிகம் என்பது என் கணிப்பு. பொறுப்பிலிருந்து இறங்கிய பொருளாளர் அதே பெயருக்குப் பின்னால் ‘மாவட்டக் கிளை’ என்று சேர்த்துத் தனியாக ரசீது புத்தகம் அடிக்கிறார். நிறுவனர் காலமானபின் அவருடைய பிள்ளைகள் ஒரு பக்கமும் செயற்குழு ஒரு பக்கமுமாகப் பெயருக்கு உரிமை கோருகிறார்கள். நன்கொடையாளருக்கு எது அசல், எது போலி என்று தெரிவதில்லை. டிரேட்மார்க் (வணிகச் சின்னம்) பதிவு இதற்கெல்லாம் மருந்துதான். ஆனால் சென்னை கிண்டியில் உள்ள டிரேட்மார்க் பதிவகத்துக்கு மனு போகும் முன் அமைப்புக்குள்ளேயே முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் வாங்கும் சான்றிதழ், சண்டையைத் தீர்ப்பதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்றைத் தொடங்கி வைக்கும்.

சங்கப் பதிவு இருக்கிறதே, போதாதா?

போதாது. அறக்கட்டளைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியும்போது அதே பெயரில் வேறு அறக்கட்டளை உண்டா என்று யாரும் தேடுவதில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான சங்கத்துக்கு எண் கிடைக்கிறது, ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் கடமை வருகிறது. ஆனால் அந்தப் பெயரை நாடு முழுக்கப் பிறர் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமை வருவதில்லை. கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் தொடங்கிய லாப நோக்கற்ற நிறுவனத்துக்கும் பெயர் ஒதுக்கீடு என்பது டிரேட்மார்க் ஆகாது. 12ஏ, 80ஜி என்ற வருமானவரிப் பதிவுகளும், தொண்டு அமைப்புகளுக்கான அரசின் தர்பண் தளம் தரும் எண்ணும் வரிக்கும் அரசுத் திட்டங்களுக்கும் உரியவை. பெயருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

‘நாங்கள் லாபத்துக்கு நடத்தவில்லையே, எங்களுக்கு வணிகச் சின்னம் எதற்கு’ என்ற கேள்வியும் வரும். வணிகச் சின்னங்கள் சட்டம், 1999 பொருளுக்கு மட்டுமல்லாமல் சேவைக்கும் பொருந்தும். பயனாளிகளுக்குக் கிடைக்கச் செய்யும் எந்த வகைச் சேவையும் அதில் அடங்கும். கல்வியைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். இலவச மாலை வகுப்பும் சேவைதான்.

பதிவு செய்யாத பெயருக்கும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. உங்கள் நற்பெயரைத் தனதாகக் காட்டி இன்னொருவர் மக்களை ஏமாற்றினால் வழக்குத் தொடரலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ‘எங்களுக்கு இந்த வட்டாரத்தில் இத்தனை ஆண்டாக இந்தப் பெயர் இருக்கிறது’ என்று முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். பதிவு இருந்தால் அந்தச் சுமையில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

முதல் படி: யார் பெயரில்?

இணையவழியில் ஒரு வகுப்புக்கு, அதாவது பொருள் அல்லது சேவையின் ஒரு பிரிவுக்கு, விண்ணப்பக் கட்டணம் 9,000 ரூபாய். தாளில் கொடுத்தால் 10,000. தனிநபர், ஸ்டார்ட்-அப், சிறு நிறுவனம் என்றால் 4,500, 5,000. அறக்கட்டளையும் சங்கமும் பொதுவாக முழுக் கட்டண வரிசையில்தான் வரும்.

ஆபத்தும் இங்கேதான். ‘தலைவர் பெயரில் போட்டால் பாதிப் பணம் மிச்சம்’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். அப்படிப் போட்டால் அந்தப் பெயர் தலைவரின் சொந்தச் சொத்து. அவர் விற்கலாம், எழுதிக் கொடுக்கலாம், அவருக்குப் பின் வாரிசுகளுக்குப் போகும். அவர் எவ்வளவு நல்லவர் என்பது இங்கே கேள்வியே அல்ல. 4,500 ரூபாயை மிச்சப்படுத்தி அமைப்பின் பெயரையே தனிநபரிடம் அடகு வைப்பது போன்ற வேலை இது.

சங்கமாக இருந்தால் சங்கத்தின் பெயரிலேயே மனு போக வேண்டும். செயலாளரோ தலைவரோ கையெழுத்திடலாம். 8-ஆம் பிரிவு நிறுவனமும் அப்படியே. அறக்கட்டளைக்குச் சட்டத்தில் தனி ஆளுமை கிடையாது என்பதால், ‘இன்ன அறக்கட்டளையின் சார்பாக அதன் அறங்காவலர்கள்’ என்று அறங்காவலர்களின் பெயர்களைக் குறிப்பிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

செயற்குழுவைக் கூட்டித் தீர்மானம் போடுங்கள். அதில் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்கட்டும்: பெயரும் லோகோவும் அமைப்பின் சொத்து, இன்னாருக்கு விண்ணப்பத்தில் கையெழுத்திட அதிகாரம், பொறுப்பிலிருந்து விலகுபவர், விலகும் கிளை ஆகியோருக்கு அந்தப் பெயரின்மீது எந்த உரிமையும் இல்லை. மினிட் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்திடட்டும். எல்லோரும் ஒற்றுமையாக இருக்கும் காலத்தில்தான் இந்தக் கையெழுத்துகள் சுலபமாகக் கிடைக்கும்.

ஏற்கெனவே யாராவது தன் பெயரில் பதிந்துவிட்டிருந்தால், உரிமை மாற்றப் பத்திரம் எழுதி அமைப்புக்கு மாற்றிப் பதிவகத்திலும் அதைப் பதிய வேண்டும். தள்ளிப்போடாமல் அவரிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: லோகோ வரைந்தவரிடம் எழுதி வாங்குங்கள்

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். லோகோ ஒரு கலைப்படைப்பு. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி அதன் முதல் உரிமையாளர் வரைந்தவர். சம்பளம் வாங்கும் ஊழியர் வேலையின் ஒரு பகுதியாக வரைந்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை அமைப்புக்கு வரும். கல்லூரியில் படிக்கும் தன்னார்வலர் அன்பளிப்பாக வரைந்து கொடுத்தது? அவருடையது. அச்சகத்தில் பணம் கொடுத்து வரையச் சொன்னது? எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் அதுவும் தகராறுக்கு இடம் கொடுக்கும்.

வாயால் ‘எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா’ என்று சொன்னது சட்டத்தில் செல்லாது; உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம்: எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுக்கு மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆகவே ‘பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும், உலகெங்கும்’ என்ற சொற்கள் பத்திரத்தில் கட்டாயம் வேண்டும். லோகோவின் படத்தையே அந்தத் தாளில் அச்சிட்டு, அதன் பக்கத்தில் வரைந்தவரின் கையெழுத்தை வாங்கிவிட்டால் பின்னால் ‘எந்த லோகோ’ என்ற கேள்வி எழாது. இணையத்தில் இலவசமாக எடுத்த படத்தைச் சற்றே மாற்றி லோகோ ஆக்கியிருந்தால், பதிவுக்கு முன் புதிதாக ஒன்று வரைவித்துக்கொள்வதே மேல்.

மூன்றாம் படி: பெயர் தேறுமா?

செய்யும் பணியையே பெயராக வைத்திருப்பவர்களுக்குத்தான் இங்கே சிரமம். ‘முதியோர் நல அறக்கட்டளை’, ‘கிராமக் கல்வி இயக்கம்’ போன்றவை சேவையை விவரிக்கின்றன. வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இப்படிப்பட்டவற்றைத் தனி ஒருவருக்குக் கொடுக்கத் தயங்கும். நீண்ட காலம் பயன்படுத்தி, அந்தப் பெயரைக் கேட்டாலே மக்களுக்கு உங்கள் அமைப்புதான் நினைவுக்கு வரும் என்று ஆதாரம் காட்டினால் வழி உண்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் ஆலோசனை: பணியை விவரிக்காத, கற்பனையான ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். பணி என்ன என்பதை அடியில் சிறிய எழுத்தில் போட்டுக்கொள்ளலாம்.

தொடவே கூடாதவை சில. மருத்துவ முகாம் நடத்தும் அமைப்புகள் வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவையை லோகோவில் வைப்பது வழக்கமாகிவிட்டது. ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம், 1960 அதைத் தடை செய்கிறது. காந்தி, நேரு ஆகியோரின் பெயர் அல்லது உருவம், அசோகச் சக்கரம், தேசியக் கொடி, ஐ.நா., உலகச் சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் பெயரும் சின்னமும், அரசின் ஆதரவு இருப்பதுபோல் தோன்ற வைக்கும் பெயர் எல்லாம் 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் தவறான பயன்பாடு தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன. ‘காந்தி’ என்ற பெயரில் எத்தனையோ நல்ல அமைப்புகள் இயங்குகின்றன என்பது உண்மை. டிரேட்மார்க் மனுவில் அது உதவாது.

நிறுவனரின் பெயரிலோ மறைந்த ஒருவரின் நினைவாகவோ அமைப்பு இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போது அவருடைய சம்மதத்தையும், மறைந்து 20 ஆண்டு ஆகாவிட்டால் அவருடைய சட்டப்பூர்வப் பிரதிநிதிகளின் சம்மதத்தையும் பதிவாளர் கேட்கலாம். ஆன்மிக அமைப்புகளுக்கு ஒரு தகவல்: ‘ராமாயண்’ என்ற ஊதுபத்திப் பெயர் வழக்கில், புனித நூலின் பெயரை அப்படியே தனியொருவர் தனதாக்கிக்கொள்ள முடியாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நான்காம் படி: தேடல்

அறிவுசார் சொத்து அலுவலகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். தமிழ்ப் பெயர்களுக்கு இதில் பொறுமை வேண்டும், ஏனென்றால் பதிவேட்டில் அவை ஆங்கில எழுத்தில் கிடக்கின்றன. ‘சிறகுகள்’ என்று ஒரு பெயர் என்று வைத்துக்கொள்வோம். முதல் எழுத்தை எஸ் என்றும் சி-ஹெச் என்றும் எழுதியிருப்பார்கள். நடுவில் வரும் ககரத்துக்கு ஒருவர் கே போட்டிருப்பார், இன்னொருவர் ஜி. கடைசி ளகரத்தை ஒற்றை எல் ஆக எழுதியவரும் உண்டு, இரட்டை எல் ஆக எழுதியவரும் உண்டு. அத்தனை எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். ஒலி ஒற்றுமைத் தேடல் என்று தனியாக இருப்பதையும் பயன்படுத்துங்கள். பிறகு ‘சிறகு’ என்று ஒருமையிலும், ஆங்கிலத்திலும் இந்தியிலும் அதே பொருள் தரும் சொல்லிலும் தேடுங்கள். லோகோவுக்கு வியன்னா குறியீடு என்ற பட வகைப்பாட்டு எண் உண்டு. பறவை, மரம், கை, விளக்கு என்று உருவத்துக்கு ஏற்ப அது மாறும். கூப்பிய கைகளும் துளிர்க்கும் இரண்டு இலைகளும் தொண்டு லோகோக்களில் மலிந்து கிடப்பதை அப்போது நேரில் காண்பீர்கள்.

பதிவேட்டோடு நிறுத்தாமல் கம்பெனிப் பெயர்கள், தர்பண் பட்டியல், முகநூல் எல்லாவற்றையும் பாருங்கள். பதிவு செய்யாமலேயே உங்களுக்கு முன்பிருந்து அந்தப் பெயரைப் பயன்படுத்தி வருபவருக்கும் சட்டத்தின் 34-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது.

ஐந்தாம் படி: வகுப்பு

பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. தொண்டு அமைப்புகளுக்கு அடிக்கடி தேவைப்படுபவை: கல்வி, பயிற்சி, கலைநிகழ்ச்சிக்கு 41, அறப்பணிக்கு நிதி திரட்டுவதற்கு 36, மருத்துவ முகாம், காடு வளர்ப்புக்கு 44, முதியோர் இல்லம், அன்னதானம், குழந்தைகள் காப்பகத்துக்கு 43, நூல், துண்டறிக்கைக்கு 16. பனியன் அச்சடித்து விற்றால் 25.

எல்லாவற்றிலும் போட ஆசை வரும். ஒவ்வொரு வகுப்புக்கும் 9,000 ரூபாய் என்பதால் ஆசை தானாக அடங்கிவிடும். முக்கியப் பணிக்கு ஒன்று, பொதுமக்களிடம் நன்கொடை வாங்கினால் 36-உம் சேர்த்து, இரண்டோடு தொடங்குங்கள். பெயரைச் சொல்லிப் பணம் வசூலிக்கும் போலிகளை மடக்குவதற்கு 36 மிகவும் உதவும்.

அடுத்து பெயரா, லோகோவா? பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பெயரைச் சொல்லாக மட்டும் பதியுங்கள். பெயரும் படமும் சேர்ந்த லோகோவைப் பதிந்தால் அந்த முழு வடிவத்துக்குத்தான் உரிமை. உள்ளிருக்கும் தனித்தனிப் பகுதிகளுக்கு அது தானாக வராது என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. லோகோவை நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை புதிய நிர்வாகம் மாற்றிவிடும், பெயர் நிற்கும். லோகோவையும் பதிந்தால் கறுப்பு வெள்ளையில் கொடுங்கள்; நிற வரையறை இல்லாத பதிவு எல்லா நிறங்களுக்கும் பொருந்தும்.

ஆறாம் படி: மனு

படிவத்தின் பெயர் டி.எம்.-ஏ. தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, இலட்சத்தீவு ஆகியவற்றுக்குச் சென்னை கிண்டியில் உள்ள பதிவகம். இணையவழியில் போட டிஜிட்டல் கையொப்பம் தேவை. வழக்கறிஞரோ டிரேட்மார்க் ஏஜென்டோ வழியாகவும் செய்யலாம். நீங்களே செய்வதற்கும் தடையில்லை.

பெயர் தமிழ் எழுத்தில் இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ சேர்க்க வேண்டும். லோகோ படம் 8 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்க வேண்டும்.

கவனம் தேவைப்படும் கட்டம், ‘எந்த நாளிலிருந்து பயன்பாட்டில் உள்ளது’ என்பது. பலர் கண்ணை மூடிக்கொண்டு அமைப்பு தொடங்கிய தேதியை எழுதிவிடுகிறார்கள். பத்திரம் பதிந்த நாள் வேறு, அந்தப் பெயரில் மக்களுக்கு முதல் சேவை போய்ச் சேர்ந்த நாள் வேறு. இடையில் பெயரை மாற்றியிருந்தால் புதிய பெயருக்கான நாள்தான் செல்லும். எழுதும் தேதிக்குப் பிரமாணப் பத்திரமும் ஆவணமும் இணைக்க வேண்டும். ரசீது புத்தகத்தின் அடிக்கட்டை, பேனர் அடித்த அச்சகத்தின் பில், இரத்ததான முகாம் பற்றிய நாளிதழ்ச் செய்தி, தணிக்கை அறிக்கை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் பயன்படும். ஒவ்வொன்றிலும் பெயர் தெரிய வேண்டும், தேதி தெரிய வேண்டும். தேதியில்லாத புகைப்பட ஆல்பம் எத்தனை கனமாக இருந்தாலும் அதற்கு மதிப்பு குறைவு. இன்னும் பயன்படுத்தவே தொடங்கவில்லை என்றால் ‘பயன்படுத்த உத்தேசம்’ என்று நேர்மையாக எழுதலாம்.

மின்னஞ்சல் முகவரியை யோசித்துக் கொடுங்கள். இப்போதைய செயலாளரின் சொந்த முகவரி வேண்டாம். அடுத்த தேர்தலில் அவர் தோற்றால் பதிவகத்தின் நோட்டீஸ் எல்லாம் அவருக்கே போய்க்கொண்டிருக்கும். அமைப்பின் பொது முகவரி ஒன்றைத் திறந்து, அதைக் குறைந்தது இரண்டு பேர் பார்க்கும்படி வையுங்கள்.

மனு எண் கிடைத்த உடனே பெயரின் ஓரத்தில் டி.எம். என்ற குறியைப் போடலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்துள்ள குறி, பதிவு முடிந்த பிறகுதான். அதற்கு முன் போடுவது சட்டப்படி குற்றம்.

ஏழாம் படி: ஆய்வு அறிக்கை

சில வாரங்களிலோ மாதங்களிலோ ஆய்வாளரின் அறிக்கை வரும். இணையதளத்தில் நிலை ‘அப்ஜெக்டட்’ (ஆட்சேபிக்கப்பட்டது) என்று மாறியதும் செயற்குழுவில் பீதி கிளம்பும். பெருவாரியான மனுக்களுக்கு இது வருவதுதான். கிடைத்த ஒரு மாதத்துக்குள் பதில் போக வேண்டும். பதிலுக்குக் கட்டணம் இல்லை.

ஆட்சேபம் 9-ஆம் பிரிவின்கீழ் என்றால் பெயர் விவரிப்பாக இருக்கிறது என்று பொருள்; பயன்பாட்டு ஆதாரத்தை அடுக்குங்கள். 11-ஆம் பிரிவு என்றால் ஒத்த பெயர்களின் பட்டியல் கூடவே வரும். ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். கைவிடப்பட்ட மனுவோ, புதுப்பிக்காமல் காலாவதியானதோ அதில் இருக்கும். உங்களுடையது பார்வையற்றோருக்கான பயிற்சி, எதிரே இருப்பது தையல் வகுப்பு என்றால் அந்த வேறுபாட்டை விளக்குங்கள். திருப்தி இல்லையென்றால் விசாரணைக்கு அழைப்பார்கள், காணொலியில் நடக்கும். ஆஜராகாமல் விட்டுவிடாதீர்கள்.

எட்டாம் படி: இதழும் எதிர்ப்பும்

ஏற்கப்பட்ட பெயர், திங்கட்கிழமைதோறும் வெளியாகும் டிரேட்மார்க் இதழில் வரும். அதிலிருந்து 4 மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம். எதிர்ப்பு வந்தால், நோட்டீஸ் கைக்குக் கிடைத்த 2 மாதத்துக்குள் நீங்கள் மறுப்புரை தாக்கல் செய்தாக வேண்டும். இந்தக் கெடுவுக்கு நீட்டிப்பு கிடையாது. தவறினால் மனு கைவிடப்பட்டதாகிவிடும். மின்னஞ்சல் முகவரியைப் பற்றி அவ்வளவு சொன்னதற்குக் காரணம் இதுதான். எதிர்ப்பு இல்லாவிட்டாலும் மனுவிலிருந்து சான்றிதழ் வரை ஓராண்டை ஒட்டியோ அதைத் தாண்டியோ ஆகலாம். கிடைத்தபின் உரிமை, மனுப் போட்ட நாளிலிருந்தே கணக்காகும்.

இதே இதழ் உங்களுக்கும் ஆயுதம். உங்கள் பெயரை ஒத்த பெயரை இன்னொருவர் பதிய முயன்றால் ஒரு வகுப்புக்கு 2,700 ரூபாய் கட்டி எதிர்க்கலாம். அலுவலகத்தில் யாராவது ஒருவர் அவ்வப்போது தேடிப் பார்க்கட்டும்.

சான்றிதழ் வந்த பிறகு

கிளைகளுக்குக் கடிதம் எழுதுங்கள். மாவட்டக் கிளை, வெளிநாட்டு நண்பர்கள் குழு, பள்ளி மன்றம் என்று யார் பெயரைப் பயன்படுத்தினாலும் ஒரு பக்க ஒப்பந்தம் போதும்: எந்தப் பணிக்கு, எந்த வடிவத்தில், தனியாக வசூல் செய்யலாமா கூடாதா, பிரிந்தால் எத்தனை நாளில் பலகையை இறக்க வேண்டும். முகநூல், யூடியூப், இணைய முகவரி ஆகியவற்றின் உரிமையும் கடவுச்சொற்களும் அமைப்பிடம் இருக்க வேண்டும் என்பதையும் இதிலேயே சேருங்கள். இந்தத் தாள் இல்லாமல் பத்து ஆண்டு பயன்படுத்தவிட்ட கிளையை, டிரேட்மார்க் சான்றிதழை மட்டும் காட்டி வெளியேற்றுவது கடினம்.

யாராவது பெயரைத் தவறாகப் பயன்படுத்தினால் முதலில் அமைதியாக ஒரு கடிதம், பிறகு வக்கீல் நோட்டீஸ். ஆதாரமில்லாமல் மிரட்டினால் 142-ஆம் பிரிவின்கீழ் எதிராளி உங்கள்மேலேயே வழக்குப் போடலாம் என்பதால் நோட்டீஸின் வாசகத்தில் நிதானம் வேண்டும். அதே பெயரில் புதிய கம்பெனி பதிவாகியிருந்தால், அது தொடங்கிய 3 ஆண்டுக்குள் கம்பெனிகள் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்கீழ் பெயரை மாற்றச் சொல்லி விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் போவதைவிட இது எளிது. வழக்கே போட வேண்டுமானால், எதிராளியின் ஊரைத் தேடிப் போகாமல் உங்கள் அமைப்பு இயங்கும் ஊரிலேயே தொடர வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 134-ஆம் பிரிவு இடம் தருகிறது. உங்கள் லோகோவைப் போட்டு கியூஆர் அட்டை மூலம் பணம் வசூலிக்கிறார்கள் என்றால் டிரேட்மார்க்குக்குக் காத்திருக்க வேண்டாம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

பதிவு 10 ஆண்டு செல்லும். காலாவதிக்கு முந்தைய ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். கட்டணம் இணையவழியில் வகுப்புக்கு 9,000 ரூபாய், இதில் சலுகை யாருக்கும் இல்லை. தவறினால் 6 மாதம் வரை கூடுதல் கட்டணத்தோடும், அதற்குப் பிறகு ஓராண்டு முடியும்வரை மீட்பு விண்ணப்பத்தோடும் வாய்ப்பு உண்டு. இடையில் 5 ஆண்டுக்கு மேல் பெயரைப் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால் பிறர் அதை நீக்கக் கோரலாம். புதுப்பிக்கும் தேதியை நபரின் கைப்பேசியில் குறித்து வைக்காதீர்கள். ஆண்டுப் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் ‘டிரேட்மார்க் நிலை’ என்று ஒரு வரியை நிரந்தரமாகச் சேர்த்துவிடுங்கள். பொறுப்பு கைமாறும் நாளில் அசல் சான்றிதழ், லோகோ உரிமை மாற்றப் பத்திரம், பொது மின்னஞ்சலின் கடவுச்சொல் மூன்றையும் வங்கிக் காசோலைப் புத்தகத்தோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள்.